பீரோவுக்குள் ஒரு புத்தகம்

போன மாதம் எங்கள் வீட்டில் மூன்று நாள் மௌன விரதம். விரதம் இருந்தவள் எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள். காரணம் நான்.

பள்ளிக்கூடப் பையிலிருந்து டிபன் டப்பாவை எடுக்கப் போனேன். (கழுவப் போடு என்று நூறு தரம் கத்தினாலும் அது தானாக வெளியே வராது. உங்கள் வீட்டிலும் அப்படித்தானே?) டப்பாவுக்கு அடியில், நோட்டுக்குப் போடுவது போல் பழுப்புத் தாளில் அட்டை போட்ட ஒரு புத்தகம். ஏதோ பாடப் புத்தகம் என்று பிரித்தால், நாவல்! நடுவில் ஒரு பக்கத்தைப் பார்த்தேன். குடித்துவிட்டு வந்து மனைவியை அடிக்கிற புருஷன். கதவுக்குப் பின்னால் நின்று கேட்கிற குழந்தைகள். பத்து வரி படித்திருப்பேன், அவ்வளவுதான். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. பதின்மூன்று வயசுப் பெண் படிக்கிற சமாசாரமா இது? அதிலும் அட்டை போட்டு ஒளித்து வைத்து?

பீரோவைத் திறந்து பட்டுப் புடவைக்கு அடியில் புத்தகத்தை வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"லைப்ரரி புக்குமா அது. நான் திருப்பிக் குடுக்கணும்" என்றாள் மாலையில்.

"நானே கொண்டு போய்க் குடுத்துக்கறேன். இனிமே எந்தப் புத்தகம் எடுத்தாலும் முதல்ல என்கிட்டே காட்டணும். நான் பார்த்து, சரின்னு சொன்னா நீ படி."

அவள் பதில் சொல்லவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. சாப்பிடக் கூப்பிட்டால் வந்தாள், சாப்பிட்டாள், போய்ப் படுத்துக்கொண்டாள். மறுநாளும் அப்படியே. என் வீட்டுக்காரர் மீஞ்சூர் பக்கம் வேலைக்குப் போய் இரவு திரும்புகிறவர். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுலே நான் வரலை" என்று தப்பித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை திண்ணையில் உட்கார்ந்து மடவை மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்த என் அம்மா வாயைத் திறந்தாள். அவளுக்கு எழுபது தாண்டிவிட்டது. எங்களோடுதான் இருக்கிறாள். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்:

"எனக்குப் படிக்கத் தெரியாது, அதனால நீ பொழைச்சே. உனக்குப் படிக்கத் தெரியும், அதனால அது மாட்டிக்கிச்சு."

சொல்லிவிட்டு மீனைத் திருப்பிப் போட்டுச் சீவ ஆரம்பித்துவிட்டாள். எனக்கு அடுப்படியில் கை ஓடவில்லை.

சகோதரிகளே, நான் பிறந்தது பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல் திட்டில் இருக்கிற ஒரு மீனவக் குப்பம். நைனா கடலுக்குப் போவார். அம்மா மீனைக் கூடையில் எடுத்துக்கொண்டு பொன்னேரி மார்க்கெட்டுக்குப் போவாள். அப்போதெல்லாம் எங்கள் குப்பத்திலிருந்து படகில் ஏரியைத் தாண்டி, பழவேற்காட்டில் பஸ் ஏறி வர வேண்டும். மீன் கூடையோடு பஸ்ஸில் ஏறினால் மூக்கைப் பொத்திக்கொள்கிறவர்களும் உண்டு, "ஏம்மா, நண்டு இருக்கா?" என்று பஸ்ஸிலேயே பேரம் பேசுகிறவர்களும் உண்டு.

என் முதல் புத்தக சாலை எது தெரியுமா? கருவாடு மடிக்க அம்மா எடைக்கு வாங்கி வரும் பழைய பேப்பர் கட்டுத்தான். அதில் இல்லாத பத்திரிகை கிடையாது. ஆரம்பம் கிழிந்த தொடர்கதை, முடிவு கிழிந்த துப்பறியும் கதை, அம்புலிமாமாவின் பாதி வேதாளம், யாரோ ஒரு புண்ணியவதி பென்சிலால் கோடு போட்டு வைத்த சமையல் குறிப்பு. அம்மா கருவாட்டை மடிப்பதற்குள் நான் படித்து முடித்தாக வேண்டும். ஒரு தொடர்கதையில் கதாநாயகியைத் தீவிபத்தில் விட்டுவிட்டு அந்தத் தாள் ஒரு கால் கிலோ நெத்திலியோடு போய்விட்டது. அவள் பிழைத்தாளா இல்லையா என்று எனக்கு இன்றைக்கு வரை தெரியாது!

சனிக்கிழமைகளில் அம்மாவோடு நானும் பொன்னேரிக்கு வருவேன். மார்க்கெட்டில் பெண் குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வியாபாரம் பண்ணுவது அம்மாவுக்குப் பிடிக்காது. ஒரு நாள் என்னைக் கிளை நூலகத்து வாசலில் கொண்டு போய் நிறுத்தி, "இங்க காத்தாடி ஓடுது, உக்காந்துக்கோ, மீன் வித்துட்டு வந்து இட்டுக்கினு போறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவளுக்கு அது புத்தகம் படிக்கிற இடம் என்பதைவிட, காத்தாடி ஓடுகிற இடம், நாலு பெரியவர்கள் சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்கிற இடம். அங்கே இருந்த நூலகர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் பாவாடையில் மீன் வாடை. துரத்தப் போகிறார் என்று நினைத்தேன். "குழாயிலே கையைக் கழுவிட்டு வந்து எடு பாப்பா" என்றார். அவ்வளவுதான் விதி. எதை எடு, எதை எடுக்காதே என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. உறுப்பினர் விண்ணப்பத்தில் அம்மா கைநாட்டு வைத்தாள். 1991-ஆம் வருஷம். அப்போது திருவள்ளூர் மாவட்டமே பிறக்கவில்லை, நாங்கள் செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்தோம்.

பத்து வயசுப் பெண், மீன்காரி மகள், எந்த அலமாரிக்கு வேண்டுமானாலும் போய்க் கையை நீட்டலாம் என்பது அன்றைக்கு எனக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. அதற்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார் என்பது வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக ஆனார். அந்தக் காலத்தில் நூலகம் என்றால் புத்தகங்கள் பூட்டின அலமாரிக்குள் இருக்கும். நாம் சீட்டு எழுதிக் கொடுத்தால் ஒருவர் உள்ளே போய் எடுத்து வருவார். நகைக்கடை மாதிரி! ரங்கநாதன் இங்கிலாந்து போய் அங்கே நூலகங்கள் நடக்கிற விதத்தைப் பார்த்துவிட்டு வந்து, வாசகர்களையே அலமாரி பக்கம் போக விட்டார். புத்தகம் பாதுகாக்க அல்ல, பயன்படுத்தத்தான் என்பது 1931-ல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவது. ஒவ்வொரு வாசகருக்கும் ஒரு புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வாசகர் என்பன அடுத்த இரண்டு. வாசகர் என்றால் இத்தனை வயசு, இன்னார் வீட்டுப் பிள்ளை என்று அவர் அந்த விதியில் போடவில்லை பாருங்கள். அதே 1931-ல் மன்னார்குடியில் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு போயிருக்கிறார்கள். பிறகு 1948-ல் சென்னை ராஜதானியில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் போட்ட முதல் ராஜ்யம் நம்முடையதுதான். இன்றைக்குத் தமிழ்நாட்டில் 4,000-க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன. இதற்குப் பணம் யார் கொடுக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? நாம்தான். உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி என்று இருக்கும். பால் பாக்கெட்டில் ஐம்பது பைசா ஏறினால் சண்டை போடுகிற நாம், இந்தப் பத்துப் பைசாவுக்கு ஒரு நாளாவது போய்க் கணக்குக் கேட்டிருக்கிறோமா?

சரி, என் கதைக்கு வருகிறேன்.

எடுத்துப் படித்தேன், சகட்டுமேனிக்குப் படித்தேன். கோகுலம், பூந்தளிர், மாஸ்கோவில் தமிழிலேயே அச்சிட்டு வந்த ருஷ்யக் கதைகள், கல்கி, லட்சுமி. புரியாததையும் படித்தேன். அதில் ஒன்று கவனித்திருக்கிறேன். குழந்தைக்குப் புரியாத புத்தகம் அதைக் கெடுக்காது, தூங்கத்தான் வைக்கும். பயமுறுத்துகிற புத்தகம் வேறு. எடைக்கு வந்த கட்டில் ஒரு பாக்கெட் நாவல் கிடைத்து, அதில் கிணற்றில் பிணம் மிதப்பதைப் படித்துவிட்டு ஒரு வாரம் கிணற்றடிக்குப் போகாமல் அம்மாவிடம் அடி வாங்கினேன். அதற்கப்புறம் அந்த மாதிரி அட்டையைப் பார்த்தாலே நானாகத் தள்ளி வைத்துவிடுவேன், யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆனால் ஒரு புத்தகம் என்னை நிஜமாகவே ஆட்டி வைத்தது. அதைத்தான் சொல்ல வேண்டும்.

அதன் பெயர் 'செம்மீன்'. செம்மீன் என்றால் சங்கரா மீன் என்று நினைத்தேன். அதுதானே சிவப்பாக இருக்கும்? மீன்களைப் பற்றிய புத்தகம், நைனாவுக்குத் தெரியாத விஷயம் ஏதாவது இருந்தால் போய்ச் சொல்லி அசத்தலாம் என்று எடுத்தேன். மலையாளத்தில் செம்மீன் என்றால் இறால் என்பதே பின்னால்தான் தெரியும். தகழி சிவசங்கரப் பிள்ளை 1956-ல் எழுதிய நாவல். சுந்தர ராமசாமி தமிழில் மொழிபெயர்த்தது. 1965-ல் சினிமாவாக வந்து ஜனாதிபதியின் தங்கப் பதக்கம் வாங்கியது என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பெரியவர்களுக்கான கதை. எனக்கு அப்போது பதினொன்று முடிந்து பன்னிரண்டு.

அந்தக் கதையில் ஒரு நம்பிக்கை வருகிறது. கடலுக்குப் போனவன் பத்திரமாகத் திரும்புவது, கரையில் இருக்கிற அவன் பெண்சாதி ஒழுக்கமாக இருப்பதைப் பொறுத்தது. அவள் தவறினால் கடலம்மா அவனை எடுத்துக்கொள்வாள் என்று. படித்ததும் எனக்குக் கை கால் சில்லிட்டுவிட்டது. எங்கள் நைனா தினமும் கடலுக்குப் போகிறவர் ஆயிற்றே! முகத்துவாரம் தாண்டுகிற இடத்தில் அலை புரட்டும். அதில் கட்டுமரம் கவிழ்ந்த கதைகள் எங்கள் குப்பத்தில் வீட்டுக்கு ஒன்று இருக்கும்.

அன்று முதல் நான் அம்மாவை வேவு பார்க்க ஆரம்பித்தேன். இதை எழுத எனக்கு இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஐஸ் பெட்டிக்காரரிடம் அவள் சிரித்துப் பேசினால் என் நெஞ்சு திக்திக் என்று அடித்துக்கொள்ளும். போய் அவள் முந்தானையைப் பிடித்து இழுப்பேன். ராத்திரி காற்று அடித்தால் எழுந்து உட்கார்ந்துகொள்வேன். இரண்டு வாரம் இப்படி. ஒரு பிள்ளைக்குத் தன் தாயின் மேலேயே சந்தேகம் வர வைத்தது அந்தப் புத்தகம். ஆகவே, எந்தப் புத்தகமும் யாரையும் ஒன்றும் செய்யாது என்று நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். செய்யும்.

அம்மாவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "இன்னாடி உனுக்கு? மூஞ்சிய ஏன் அப்படி வெச்சிக்கினு கீறே?" என்றாள். நான் புத்தகத்தைக் காட்டினேன். அவள் வாங்கிப் புரட்டினாள். தலைகீழாக இருந்தால்கூட அவளுக்குத் தெரிந்திருக்காது. "படி. நான் கேக்கறேன்" என்றாள்.

அன்று ராத்திரி அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் படித்தேன். அம்மா இறால் உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சின்னம்மாவும் உரித்துக்கொண்டிருந்தாள். சின்னம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1984 நவம்பரில் ஸ்ரீஹரிகோட்டா பக்கம் கரை கடந்த புயலில் சித்தப்பா போய்விட்டார். உடல்கூடக் கிடைக்கவில்லை. அதற்கு முந்தின நாள் சின்னம்மா தலையில் பூ வைத்துக்கொண்டு பொன்னேரியில் சினிமா பார்க்கப் போனாளாம். அதைப் பிடித்துக்கொண்டார்கள். நேரே யாரும் கேட்டதில்லை. ஆனால் புதுப் படகு தள்ளும்போது அவளைக் கண்டால் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கடலுக்குக் கிளம்புகிறவர்கள் எதிரே அவள் வரக்கூடாது. எட்டு வருஷமாக அவள் விடியற்காலையில் வாசலுக்கு வராமலே காலம் தள்ளிக்கொண்டிருந்தாள். எனக்கு இதெல்லாம் அரைகுறையாகத்தான் தெரியும். சின்னம்மா ஏன் தண்ணீர் பிடிக்கக்கூட வெயில் ஏறின பிறகு போகிறாள் என்று நான் யோசித்ததே இல்லை.

அந்தக் கடலம்மா சமாசாரம் வருகிற இடத்தைப் படித்தேன். சின்னம்மாவின் கை நின்றுவிட்டது. நானும் நிறுத்திவிட்டேன்.

அம்மா மட்டும் இறாலைக் கீழே வைக்கவில்லை. உரித்துக்கொண்டே கேட்டாள்: "அந்தப் புயலுலே எத்தினி ஊரு போச்சு? ஆந்திராவுலே எத்தினி ஊரு, நம்ம பக்கம் எத்தினி ஊரு. அத்தினி ஊரு பொம்பளையும் கெட்டவளா? காத்து அடிச்சா படகு கவுறும். அதுக்குப் பொம்பளை இன்னா செய்வா?"

சின்னம்மா அழுதாள். சித்தப்பா போனதற்காக அவள் அழுது நான் பார்த்திருக்கிறேன். இது வேறு அழுகை. கொஞ்ச நேரம் கழித்து முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மேல படி" என்றாள்.

நாலைந்து ராத்திரி படித்தோம். கடைசியில் அந்தப் புருஷன் கடலில் சுறாவோடு போராடிச் செத்துப் போகிறான், அதே சமயம் பெண்சாதி கரையில் பழைய காதலனோடு. கேட்டார்களே இருவரும், அப்படி ஒரு கோபம்! "எழுதினவரு கடலுக்குப் போனதில்லே போல கீது" என்றாள் அம்மா. புத்தகத்தில் அவரைப் பற்றிப் போட்டிருந்ததைப் படித்து, அவர் வக்கீல் என்று சொன்னேன். "அதான் பார்த்தேன்" என்றாள். சின்னம்மா சிரித்துவிட்டாள். தகழி எவ்வளவு பெரிய எழுத்தாளர், அவர் அந்த நம்பிக்கையை நம்பித்தான் எழுதினாரா, இல்லை அதில் நசுங்குகிற பெண்ணைக் காட்டத்தான் எழுதினாரா என்றெல்லாம் பெரியவர்கள் இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள். எனக்கு அந்த வயதில் தெரிந்தது ஒன்றுதான்: அச்சில் வந்துவிட்டால் அது வேத வாக்கு இல்லை, இறால் உரித்துக்கொண்டே அதை எதிர்த்துக் கேட்கலாம். மறு வாரம் ஐஸ் பெட்டிக்காரரிடம் அம்மா பேசும்போது நான் என் பாட்டுக்குக் கல்லாங்காய் ஆடிக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு எழுத்துத் தெரிந்திருந்தால் அந்தப் புத்தகம் என் கைக்கு வந்திருக்காது. புரட்டிப் பார்த்திருப்பாள், பிடுங்கியிருப்பாள். நான் ஒளித்து வைத்துப் படித்திருப்பேன், பயத்தையும் ஒளித்து வைத்திருப்பேன். அவள் சொன்னதற்கு அர்த்தம் இதுதான். பத்தாவது வரை படித்த நான், பத்து வரி படித்துவிட்டுப் பீரோவைப் பூட்டியிருக்கிறேன்!

அன்று சாயந்திரம் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சாவியை எடுத்து அவள் கையிலேயே கொடுத்தேன். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் நம் தாய்மார்களுக்கு ஏது? "காபி ஆறிடும், குடி. அந்தப் புத்தகத்தை எடுத்தா, ஆயா கேக்கணுமாம்" என்று அம்மாவின் மேல் பழியைப் போட்டேன். அம்மா கண்டும் காணாததுமாக வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள்.

முதல் நாள் அவள் படிக்கவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை இறால் வாங்கி வந்து மூன்று பேரும் உட்கார்ந்தபோது, தானாகவே எடுத்து வந்து ஆயா பக்கத்தில் உட்கார்ந்து படித்தாள். நான் பார்த்து பயந்த அந்தப் பக்கமும் வந்தது. அம்மா எதுவும் சொல்லவில்லை. நானும் நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன். படித்துக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "என் ஃபிரெண்டு ஒருத்தி வீட்டிலேயும் இப்படித்தான்மா. அவ தம்பியைத் தூக்கிக்கிட்டு கட்டிலுக்கு அடியிலே போய் உக்காந்துக்குவாளாம். யார்கிட்டேயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கா. நான் என்ன பண்றதுன்னே தெரியலே. இந்தப் புக்குலே ஏதாவது வழி சொல்லியிருக்கான்னு பாக்கறேன்."

இறால் என் கையிலிருந்து நழுவித் தட்டில் விழுந்தது. என் பெண் கெட்ட புத்தகம் படிக்கிறாள் என்று நினைத்து நான் பூட்டி வைத்தது, அவள் தன் தோழிக்காக வழி தேடிக்கொண்டிருந்த புத்தகத்தை.

அந்தக் குடும்பத்தைப் பற்றி இங்கே அதிகம் எழுத எனக்கு உரிமையில்லை. அந்தத் தாயிடம் போய்ப் பேசினேன், பெண்களுக்கான 181, குழந்தைகளுக்கான 1098 என்ற இரண்டு தொலைபேசி எண்களையும் எழுதிக் கொடுத்தேன் என்பது வரைக்கும் சொல்லலாம். அந்தப் பெண்ணும் அவள் தம்பியும் சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் பீரோ விஷயத்தைச் சொன்னபோது, "அதுக்காகக் கண்டதையும் படிக்க விடறதா?" என்று கேட்டாள். வேடிக்கை பாருங்கள். கண்டது கற்கப் பண்டிதனாவான் என்று பையன்களுக்குச் சொல்லுகிறோம். அதே 'கண்டது' பெண் பிள்ளை கைக்கு வந்தால் "கண்டதையும் படிக்காதே" என்று ஆகிவிடுகிறது!

அந்த அக்கா கேட்டதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. சின்னஞ்சிறுசுகளுக்கு நாம்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். மொபைல் போனை நான் இன்னும் அவள் கையில் தனியாக விடுவதில்லை, கூடத்தில் எல்லோர் எதிரிலும்தான். புத்தகத்தை மூடி வைத்தால் அது அப்படியே கிடக்கிறது. போன் அப்படி இல்லை, நாம் கேட்காததையெல்லாம் அதுவாகவே ஒன்றன் பின் ஒன்றாகக் கொண்டு வந்து கண் முன்னால் நிறுத்துகிறது. இதற்கு அது உதாரணமாகாது என்பது என் அபிப்பிராயம். நீங்கள் வேறு மாதிரி நினைத்தால் எழுதுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

புத்தக விஷயத்தில் நான் இப்போது செய்வது இவ்வளவுதான். நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போவேன். அவள் அலமாரி பக்கம் போகும்போது நான் பத்திரிகை மேஜையில் உட்கார்ந்துவிடுவேன். எதை எடுத்தாய் என்று பையைத் துழாவுவதில்லை. "இதிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டே?" என்று பரீட்சை வைப்பதில்லை. (அப்படிக் கேட்டுத்தான் பெரியவளாகப் போகும் என் அக்கா மகள் புத்தகத்தையே தொடாமல் போனாள்.) ஞாயிற்றுக்கிழமை கையில் வேலை இருக்கும்போது, கீரை ஆய்கிறேனோ இறால் உரிக்கிறேனோ, "வாயேன், கொஞ்சம் படி" என்பேன். வந்தால் வருவாள். சில வாரம் வருவதில்லை. அவள் எனக்குப் படித்துக் காட்டாத புத்தகங்களும் இருக்கின்றன. அட்டையைப் பார்த்தால் எனக்கு உள்ளூர அரிக்கத்தான் செய்கிறது. வாயை மூடிக்கொண்டு இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். இந்த வயசில் இது ஒரு புதுப் பாடம் எனக்கு.

அந்த நாவலைப் படித்து முடித்து நூலகத்தில் திருப்பிக் கொடுக்கப் போனபோது கெடு தாண்டிவிட்டிருந்தது. அபராதம் கேட்டார்கள். மகள் என்னைத் திரும்பிப் பார்த்து, "மூணு நாள் பீரோவுலே இருந்ததுக்கு நீதான் கட்டணும்" என்றாள். நியாயம்தானே? பர்ஸைத் திறந்து கட்டினேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் திண்ணையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்: "அடுத்தது இன்னா புக்கு எட்தாந்தே?"